9.81 வராத மாணவருக்கும் முழு மதிப்பெண்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிளஸ் ஒன், பிளஸ் டூ அறிவியல் வகுப்புகளில் முதலில் சொல்லப்படுவது விதிகள்தான். ரெக்கார்டு நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட வேண்டும், படத்தைப் பென்சிலில் வரைய வேண்டும், தலைப்புக்கு அடியில் கோடு இழுக்க வேண்டும், குறித்த நாளில் கையெழுத்து வாங்காவிட்டால் இன்டர்னலில் குறையும். இத்தனையும் சொல்லப்படுகிற வகுப்பில், செய்முறைக்கான 20 மதிப்பெண் எதைப் பார்த்துப் போடப்படும் என்பது மட்டும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. மாணவரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் ஏறத்தாழ முழுசாகவே கிடைத்துவிடும் என்பது முந்தைய ஆண்டு படித்த அண்ணன், அக்கா வழியாக அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கிடைக்காமல் போனால் அதற்குக் காரணம் ஆசிரியரின் கோபம் என்றும் அவர் நம்புகிறார். அந்த 20 மதிப்பெண்ணைப் பற்றியதுதான் இந்த மடல். அதைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்ற காரணத்தை மாற்றுங்கள் என்று கேட்கிறேன். மாணவர் தன் கையால் அளந்ததை அளந்தபடியே எழுதினாரா, வந்த விடை ஏன் அப்படி வந்தது என்று யோசித்தாரா என்பதற்கு மதிப்பெண் கொடுங்கள். புத்தக விடையோடு பொருந்துவதற்காகக் கொடுக்காதீர்கள். இதை ஆண்டின் முதல் நாளே, எழுத்தில், மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இந்த மதிப்பெண்ணின் எடையை முதலில் பார்ப்போம். 2017-18 கல்வியாண்டில் மேல்நிலைத் தேர்வு முறை மாறியபோது ஒரு பாடத்துக்கு 200 என்றிருந்தது 100 ஆனது. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. கணிதம் போன்ற பாடங்களில் 90-ம் 10-ம். பொறியியல் சேர்க்கைக்கான கட்ஆஃப் கணக்கில் கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் எடுக்கப்படுகின்றன. அப்படியானால் இயற்பியலில் 15, வேதியியலில் 15, கணிதத்தில் 10 என, 200-ல் 40 மதிப்பெண் எழுத்துத் தாளுக்கு வெளியே, பள்ளிக்குள் தீர்மானமாகிறது. ஐந்தில் ஒரு பங்கு. தாளில் இவ்வளவு கனமாகத் தெரிகிற இந்த 40, எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கும்போது தரவரிசையில் எதையும் நகர்த்துவதில்லை. அனைவரிடமும் இருக்கிற 40 யாரையும் ஒருவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாது. ‘பிள்ளைகளின் கட்ஆஃபுக்கு உதவுகிறோம்’ என்று நினைத்து முழு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கும் நல்ல மனம் உண்மையில் யாருக்கும் எதையும் கொடுத்துவிடுவதில்லை. ஒருவருக்கு மட்டும் குறைக்கப்படும்போதுதான் இந்த மதிப்பெண்ணுக்கு விளைவு என்று ஒன்று வருகிறது.

அதனால்தான் அது அச்சுறுத்தும் கருவியாக மாறியிருக்கிறது. ‘பிராக்டிகல்ல கை வெச்சுடுவேன்’ என்ற வாக்கியம் தமிழ்நாட்டில் அறிவியல் பிரிவில் படித்த எவருக்கும் விளக்கமில்லாமல் புரியும். வகுப்பில் பேசியதற்கு, முடி வெட்டாமல் வந்ததற்கு, எதிர்க்கேள்வி கேட்டதற்கு எல்லாம் இந்த ஒரே வாக்கியம் பயன்படுகிறது. இது அறிவியல் பாடத்துக்குச் செய்யும் கெடுதலை விட மாணவருக்குச் செய்யும் கெடுதல் பெரிது. எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று எழுதி வைக்காத மதிப்பெண், எதற்காக வேண்டுமானாலும் பிடுங்கப்படலாம். ஒரு பெரியவரின் தகாத நடத்தையைப் பற்றி வாய் திறக்க நினைக்கும் பிள்ளைக்கும் இந்த 20 நினைவுக்கு வரும். அதை நினைத்து அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ள நேரலாம். உங்களில் மிகப் பெரும்பாலோர் அந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்த நினைத்துக்கூடப் பார்க்காதவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரம்பில்லாத அதிகாரம் நல்லவர் கையில் இருக்கிறதா, மற்றவர் கையில் இருக்கிறதா என்று பதினாறு வயதுப் பிள்ளையால் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாது. அவர் இரண்டுக்கும் சேர்த்தே பயப்படுகிறார். அளவுகோலை எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமிருக்காது. நேர்மையான ஆசிரியரும் வீண் சந்தேகத்திலிருந்து விடுபடுவார்.

இனி, எதற்கு மதிப்பெண் என்ற கேள்வி. பிளஸ் ஒன் இயற்பியலில் உள்ள தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம்; கருவியும் எளிது, கணக்கும் எளிது. நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக்கடிகாரத்தில் அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு வகுப்பின் ரெக்கார்டு நோட்டுகளை வரிசையாகப் புரட்டினால் 9.8 அல்லது 9.81 என்ற விடை திரும்பத் திரும்ப வரும். இது நடக்கக்கூடியதா என்று இயற்பியலைக் கொண்டே பார்க்கலாம். ஒரு மீட்டர் நீள ஊசல் 20 முறை ஆட ஏறத்தாழ 40.2 வினாடி ஆகும். கையால் கடிகாரத்தை அழுத்தும்போது 0.2 வினாடி முன்னே பின்னே ஆவது இயல்பு. அந்த 0.2 வினாடியே விடையை 9.68-க்கும் 9.88-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கும். பல நீளங்களுக்கு அளந்து சராசரி எடுத்தால் சிதறல் குறையும். இருந்தாலும் வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் இரண்டாம் தசம இடம்வரை ஒரே விடை வர வழியே இல்லை. வந்திருக்கிறதென்றால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள்.

அப்படிப் பொருத்தி எழுதப்படும் 9.81 தமிழ்நாட்டின் மதிப்பும் இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டில் கடல் மட்டத்தில் 9.78, துருவங்களில் 9.83. உலகம் முழுவதற்கும் பொதுவாக 1901-ல் ஏற்கப்பட்ட 9.80665 என்ற எண் ஏறத்தாழ 45 டிகிரி அட்சத்தை ஒட்டியது. 9.81 என்பது பாரிஸ், லண்டன் போன்ற ஊர்களுக்குப் பொருந்துகிற மதிப்பு. சென்னையிலும் கன்னியாகுமரியிலும் இரண்டு தசம இடத்துக்கு அது 9.78-தான். கவனமாக அளந்து 9.78 கண்டுபிடித்த மாணவர், புத்தகத்துக்குப் பயந்து அதை 9.81 என்று திருத்துகிறார் என்றால், சரியான அளவீட்டைத் தவறான எண்ணால் மாற்றுகிறார். அதற்கு நாம் முழு மதிப்பெண் போடுகிறோம். இதைப் படித்துவிட்டு 9.78-ஐ மனப்பாடம் செய்யச் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஒரு கட்டாய விடையின் இடத்தில் இன்னொன்றை வைத்தது மட்டுமே மிஞ்சும்.

விலகிய விடைகளுக்கு மதிப்பு உண்டு என்று நான் சொல்வது இரக்கத்தால் இல்லை. அவை நிறையச் சொல்கின்றன. ஒரு மாணவருக்கு 10.84 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டை விட்ட கணத்திலேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கி, 19 அலைவுகளை 20 என்று எழுதியிருந்தால் சரியாக அந்த விடைதான் வரும். நீங்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் எங்கே தவறினார் என்று சொல்லிவிடலாம். அவரையே கண்டுபிடிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. இன்னொருவர் நூலை மட்டும் அளந்து, குண்டின் மையம்வரை போகாமல் கொக்கியோடு நிறுத்திவிட்டார். ஒரு சென்டிமீட்டர் குறைவு, விடை சுமார் 1 சதவீதம் இறங்கும். ஆனால் அவர் பல நீளங்களுக்கு அளந்து, நீளத்துக்கும் அலைவு நேரத்தின் இருமடிக்கும் வரைபடம் போட்டிருந்தால் கோடு தொடக்கப் புள்ளி வழியாகப் போகாமல் விலகி நிற்கும். சாய்விலிருந்து கிடைக்கும் விடையோ பிழையில்லாமல் வரும். வரைபடம் எதற்காகப் போடுகிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லாது. 9.81 என்று எழுதிக் கொடுத்தவரிடமிருந்து நமக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை. 10.84 எழுதியவர், அது ஏன் வந்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால், முழு மதிப்பெண்ணுக்கு உரியவர் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இதே ஊசலின் வரலாறும் அதைத்தான் காட்டுகிறது. 1672-ல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலர் தென் அமெரிக்காவின் காயென் நகருக்குப் போனபோது, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். கடிகாரம் கெட்டுவிட்டது என்று ஒதுக்கியிருக்கலாம். பாரிஸ் கணக்குக்கு ஏற்பத் திருத்தி எழுதியிருக்கலாம். அவர் பார்த்ததைப் பார்த்தபடி பதிவு செய்தார். பூமி துருவங்களில் தட்டையாகவும் நடுவில் பருத்தும் இருக்கிறது என்ற முடிவுக்கு நியூட்டன் தன் பிரின்சிப்பியாவில் அந்தப் பதிவையும் சான்றாகக் கொண்டார். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1821-ல் சென்னை வானியல் நிலையத்தில் ஜான் கோல்டிங்ஹாம், சென்னையில் வினாடி ஊசலின் நீளம் எவ்வளவு என்று அளந்தார். பாரிஸ், லண்டன் எண்களை எடுத்துக்கொண்டால் போதாது, இங்கே அளந்துதான் ஆக வேண்டும் என்பதே அந்த உழைப்பின் காரணம்.

எதிர்பார்த்த விடையின் பக்கம் சாய்வது பள்ளி மாணவருக்கு மட்டுமே உரிய பலவீனம் அல்ல. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த மில்லிகன் 1913-ல் வெளியிட்ட மதிப்பு உண்மை மதிப்பைவிடச் சற்றே குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சரியில்லாததே காரணம். பின்னால் வந்தவர்களின் அளவீடுகள் ஒரே பாய்ச்சலில் சரியான மதிப்புக்குப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகவே மேலேறின. மில்லிகனின் எண்ணிலிருந்து தூரமாக விழுந்த விடையில் பிழை தேடினார்கள், அருகில் விழுந்ததை அப்படித் துருவிப் பார்க்கவில்லை என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1974-ல் கால்டெக் பட்டமளிப்பு உரையில் இதைச் சுட்டிக்காட்டினார். தேர்ந்த ஆய்வாளர்களுக்கே இந்தச் சாய்வு இருக்கும்போது, மதிப்பெண்ணையும் அதோடு கட்டிவிட்டால் ஒரு பிளஸ் ஒன் மாணவர் எப்படித் தாங்குவார்? நாம் அவருக்கு இரண்டு ஆண்டுகளாகக் கற்றுக்கொடுப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கண்ணால் கண்டதை விட மேலிடம் எதிர்பார்ப்பதை எழுதுவது பாதுகாப்பானது என்ற பாடத்தை, இயற்பியல் என்ற பெயரிலேயே கற்றுக்கொடுக்கிறோம். நாளை அவர் மருந்து ஆலையிலோ, பாலம் கட்டும் இடத்திலோ, ரத்தப் பரிசோதனைக் கூடத்திலோ அளவீடு எடுப்பவராக இருப்பார்.

எனவே முதல் நாள் சொல்ல வேண்டிய விதிகள் என்று நான் நினைப்பவை சிலவே. ரீடிங் எடுத்த இடத்திலேயே, பேனாவால், அப்சர்வேஷன் நோட்டில் நேரடியாக எழுத வேண்டும். துண்டுக் காகிதத்தில் குறித்துவைத்து வீட்டில் ‘நல்லபடியாக’ எழுதும் பழக்கம் நிற்க வேண்டும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடிக்கலாம். அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும். அடித்தலுக்கு மதிப்பெண் குறையாது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள். ஆசிரியர் அன்றே, லேபை விட்டு வெளியேறும் முன், தேதியோடு சுருக்கொப்பமிட வேண்டும். இந்த விதி ஆசிரியரைக் கட்டுவது. வேதியியலில் தரம் பார்த்தலுக்கும் இதுவே பொருந்தும். பியூரெட்டின் தொடக்க அளவு ஒவ்வொரு முறையும் சுழி என்றும், இறுதி அளவு மூன்று முறையும் ஒன்றே என்றும் எழுதிய அட்டவணையைவிட, 20.4, 20.1, 20.1 என்று எழுதி, முதல் முறை நிறம் மாறும் புள்ளியைத் தாண்டிவிட்டேன் என்று குறிப்பு வைத்த அட்டவணைதான் வேலை நடந்ததற்குச் சாட்சி. பெர்மாங்கனேட் கரைசலில் ஏன் பிறைத்தளத்தின் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுக்கிறாய் என்று மேசையருகில் நின்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அடர்ந்த ஊதா நிறத்தில் கீழ் விளிம்பு தெரிவதில்லை என்று உண்மையில் பியூரெட்டைப் பார்த்தவர் சொல்லிவிடுவார்.

ஒழுங்குக்கான விதிகளும் பாதுகாப்புக்கான விதிகளும் தேவைதான். ஆனால் அவற்றை மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடாதீர்கள். அட்டை போடாத நோட்டுக்கும் தாமதமாக வந்த ரெக்கார்டுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்தால், அந்த எண் அறிவியலைப் பற்றிச் சொல்கிறதா, ஒழுங்கைப் பற்றிச் சொல்கிறதா என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. அகமதிப்பீட்டின் 10-ல் வருகைப் பதிவுக்கும் உள்தேர்வுக்கும் ஒப்படைவுக்கும் இணைச் செயல்பாட்டுக்கும் ஏற்கெனவே பங்கு இருக்கிறது. செய்முறையின் 20-லும் அதே கணக்கை நுழைக்க வேண்டியதில்லை. பாதுகாப்பில் இந்த முடிச்சு ஆபத்தாகவே முடியும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது, அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது, நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும் என்பவற்றை மீறினால் அன்றைய வேலையை நிறுத்தலாம், மறுபடி சொல்லிக்கொடுத்து மறுநாள் செய்ய வைக்கலாம். பீக்கர் உடைந்தால் மதிப்பெண் போகும், அபராதம் விழும் என்று பிள்ளைகள் நினைத்தால் கண்ணாடித் துண்டுகளைத் தொட்டிக்குள் தள்ளி மறைப்பார்கள். கையில் அமிலம் தெறித்ததைச் சொல்லாமல் பாவாடையிலோ பேண்ட்டிலோ துடைத்துக்கொள்வார்கள். உடைந்ததையும் சிந்தியதையும் உடனே ஓடிவந்து சொல்கிற லேப் வேண்டுமென்றால், சொல்வதற்கு எந்த விலையும் இருக்கக் கூடாது.

காப்பியடித்தலுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பக்கத்து மேசையின் ரீடிங்கை எடுத்து எழுதியவருக்கு அந்தச் சோதனைக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் அதை அவர் மறுபடி செய்யலாம், செய்து முழு மதிப்பெண்ணும் பெறலாம். இங்கே நான் கண்டிப்பைத் தளர்த்தவில்லை. சோதனையைச் செய்வதைத் தவிர மதிப்பெண்ணுக்கு வேறு வழியே இல்லை என்று ஆக்குவது, ஒருமுறை குறைத்துவிட்டு மறந்துபோவதைவிடக் கண்டிப்பானது.

உங்களிடமிருந்து வரக்கூடிய மறுப்புகளில் மிக வலுவானது இது: நான் நேர்மையாக மதிப்பெண் போட்டு, அடுத்த பள்ளியில் எல்லாருக்கும் இருபதுக்கு இருபது போட்டால் என் மாணவர்தானே பாதிக்கப்படுவார், அதுவும் அரசுப் பள்ளி மாணவர்? நியாயமான கவலை, இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் உங்களிடம் நேர்மையைக் கோரக் கூடாது. விடை சரியாக வந்தவருக்கு 20, வராதவருக்கு 14 என்று நான் கேட்டிருந்தால் இந்தக் கவலை என் வாதத்தையே உடைத்துவிடும். ஏனென்றால் நல்ல கருவி உள்ள பள்ளிக்கு நல்ல விடை வரும், தேய்ந்த கருவி உள்ள பள்ளிக்கு வராது. நான் கேட்பது நேர்மாறானது. நேர்மையான பதிவுக்கும் விளக்கத்துக்கும் மதிப்பெண் என்றால் பழைய கருவி யாருக்கும் தடையாகாது. டேன்ஜண்ட் கால்வனாமீட்டரை இரும்பு மேசைமேல் வைத்து அளக்க வேண்டிய நிலையில் உள்ள மாணவர், தன் விடை ஏன் விலகியது என்று அந்த இரும்பைச் சுட்டிக்காட்டி எழுதினால், மரமேசை உள்ள பள்ளியின் மாணவரைவிட ஒரு படி கூடுதலாக இயற்பியல் அறிந்தவராகிறார். மறுபடி செய்யவும் வாய்ப்பு இருப்பதால், உழைக்கத் தயாராக இருக்கும் எந்த மாணவரும் இந்த முறையில் 20-ஐ இழக்கப் போவதில்லை.

வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் சரியான விடையைத்தானே பார்ப்பார் என்பது அடுத்த மறுப்பு. அந்த எக்ஸ்டர்னல் யார்? பக்கத்துப் பள்ளியின் முதுகலை ஆசிரியர். அதாவது இந்த மடலைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவர். நீங்கள் இன்னொரு பள்ளிக்கு அந்தப் பொறுப்பில் போகிறீர்கள், இன்னொருவர் உங்கள் பள்ளிக்கு வருகிறார். ஒரு வட்டாரத்தில் உள்ள சில ஆசிரியர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தாலே மாறிவிடக்கூடிய விஷயம் இது; அரசாணை எதுவும் தேவையில்லை. இயற்பியலில் இப்போதுள்ள மதிப்பீட்டுத் திட்டமே சூத்திரம், செய்முறை, அளவீடு, கணக்கீடு என்று பிரித்துத்தான் மதிப்பெண் தருகிறது. இறுதி விடைக்கு அதில் சிறு பங்குதான். திட்டம் நம் பக்கம் இருக்கிறது. பழக்கம்தான் எதிர்ப்பக்கம் இருக்கிறது.

அனுபவமுள்ள ஆசிரியருக்கு ஒரு நோட்டைப் பார்த்தாலே தரம் தெரியும், அளவுகோலை எழுதிவைக்க வேண்டிய அவசியமில்லை என்றும் சிலர் சொல்லக்கூடும். 1912-13-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச்சும் எட்வர்ட் எலியட்டும் ஒரே விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். வடிவியல் தாளுக்கே, நூற்றுக்கு 30-க்கும் கீழிருந்து 90-க்கு மேல்வரை மதிப்பெண் வந்தது. சிலர் விடையை மட்டும் பார்த்தார்கள், சிலர் வழிமுறைக்கும் கொடுத்தார்கள், சிலர் கையெழுத்துக்கும் சுத்தத்துக்கும் குறைத்தார்கள். அவர்கள் எல்லாரும் அனுபவமுள்ளவர்கள்தான்.

அறுபது பேர் வகுப்பு, நான்கு நிறமாலைமானி, வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியடு என்ற நிலையில் இதெல்லாம் நடக்குமா என்பதைத்தான் நீங்கள் உரக்கக் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஆசிரியரின் நேரம் இப்போது எங்கே செலவாகிறது என்று பார்த்தால் இதற்கு வழி தெரியும். அறுபது ரெக்கார்டு நோட்டுகளில், ஒரே வழிகாட்டி நூலைப் பார்த்து ஒரே மாதிரி எழுதிய பத்துப் பதினைந்து பக்கங்களை வரிவரியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதில் செலவாகிறது. அந்த வேலையால் எந்த மாணவரும் எதையும் கற்பதில்லை. ரெக்கார்டை விதிப்படி எழுதட்டும், ஒரு கையெழுத்தோடு விட்டுவிடுங்கள். அங்கே மிச்சமாகும் நேரத்தை லேபில் அப்சர்வேஷன் நோட்டுக்குக் கொடுங்கள். மேசைக்கு இரண்டு நிமிடம், குழுவுக்கு ஒரு கேள்வி. எல்லாச் சோதனைகளையும் இந்த ஆழத்தில் செய்ய முடியாது என்றால், பருவத்துக்கு மூன்றை மட்டும் இப்படி முழுமையாகச் செய்தாலும் போதும் என்பேன். மற்றவற்றை இப்போது செய்வது போலவே செய்துகொள்ளலாம்.

ஆண்டு நடுவில் அப்சர்வேஷன் நோட்டில் மதிப்பெண் எழுத வேண்டாம், குறிப்பு மட்டும் எழுதுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். இஸ்ரேலில் பள்ளி மாணவரிடையே ஆய்வு செய்த ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட முடிவு இதில் உதவும். குறிப்பு மட்டும் பெற்ற மாணவரின் வேலை மேம்பட்டது; மதிப்பெண் மட்டும் பெற்றவருக்கு அந்தப் பயன் இல்லை; குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுத்தபோது குறிப்பின் பயன் காணாமல் போனது. எண்ணைப் பார்த்ததும் மாணவர் குறிப்பைப் படிப்பதை விட்டுவிடுகிறார். ‘20-வது அலைவை எப்போது எண்ணி முடித்தாய்?’ என்று ஓரத்தில் எழுதிய ஒரு கேள்வி அவரை மறுபடி ஊசலருகே அழைத்துப் போகும். 14/20 அதைச் செய்யாது.

எழுத்துத் தேர்வில் திணறும் பிள்ளையைத் தேர்ச்சி பெறச் செய்யவே இந்த மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கிறோம் என்பவர்களின் பரிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தேர்ச்சிக்கு 35 தேவை. எழுத்துத் தாளில் 70-க்குக் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். மீதியைச் செய்முறையும் அகமதிப்பீடும் தாங்குகின்றன. ஆனால் எழுத்தில் திணறும் அந்தப் பிள்ளைகளில் கை நேர்த்தி உள்ளவர்கள் நிறைய இருப்பார்கள். மோட்டார் கட்டுகிற, வயரிங் பார்க்கிற, தறி ஓட்டுகிற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் மீட்டர் சமனச்சுற்றை மற்றவரைவிட வேகமாக இணைத்துவிடுவார்கள். சோதனையைச் செய்யாதவருக்கும் அதே 20 கிடைக்கும்போது, பள்ளியில் அவர்கள் முன்னே நிற்கக்கூடிய ஒரே இடத்தையும் நாம் பறித்துவிடுகிறோம். அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது சலுகையாகப் போட்ட 20 அல்ல. உழைத்துப் பெற்றது என்று அவர்களே அறிந்த 20.

இவ்வளவு சிக்கல் என்றால் செய்முறை மதிப்பெண்ணையே எடுத்துவிடலாமே என்று ஒரு யோசனை உண்டு. இங்கிலாந்தில் 2015-ல் தொடங்கிய மாற்றத்தில் ஏ லெவல் அறிவியல் பாடங்களுக்கு அதைத்தான் செய்தார்கள். குறைந்தது 12 சோதனைகளைச் செய்து, திறன் பெற்றாரா இல்லையா என்று சான்றிதழில் தனியாகக் குறிக்கிறார்கள். தரமதிப்பில் அது சேராது. அதற்கு ஈடாக எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 சதவீத மதிப்பெண்ணைச் செய்முறை பற்றிய கேள்விகளுக்கு ஒதுக்கினார்கள். நம் சூழலில் மதிப்பெண் இல்லாத எதையும் பள்ளிகள் கைவிட்டுவிடும் என்பதால் முதல் பாதியை நான் ஏற்கத் தயங்குகிறேன். இரண்டாம் பாதி நமக்கு உடனடியாகப் பயன்படும். ஒரு மாணவரின் அளவீட்டு அட்டவணையைக் கொடுத்து, இதில் எந்த அளவீடு சந்தேகத்துக்குரியது, ஏன் என்று எழுத்துத் தாளில் ஒரு கேள்வி வந்தால் லேபுக்குள் நுழையாத பள்ளிகளும் நுழைய வேண்டியிருக்கும். வினாத்தாள் தயாரிக்கும் குழுவில் இடம்பெறும் ஆசிரியர்கள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சில பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடம் நடத்தியதால்தான் அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டது என்பதை நாம் மறக்கவில்லை. பழைய நிலை திரும்பினால் முதலில் பலியாவது பிளஸ் ஒன் லேபும் அதிலுள்ள ஊசலும்தான். திரும்பாமல் பார்த்துக்கொண்டால், பொதுத்தேர்வின் நெருக்கடியும் எக்ஸ்டர்னலின் வருகையும் கட்ஆஃப் கணக்கும் இல்லாத ஒரு முழு ஆண்டு உங்கள் கையில் இருக்கிறது. இந்த மடலில் கேட்ட எதையும் முயன்று பார்க்க அதைவிட இடைஞ்சல் குறைந்த காலம் கிடைக்காது. அந்த ஆண்டின் முதல் சோதனையாக ஊசலையே வையுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் கரும்பலகையில் எழுதாமல், வகுப்பில் உள்ள அத்தனை பேரின் விடைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். அவை ஏன் சிதறியிருக்கின்றன என்பதை அன்றைய பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்; எல்லாருடைய நோட்டிலும் அன்றே தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
உங்கள் வகுப்பறைகள்மேல் அக்கறை கொண்ட ஒருவர்